கோட்டுக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே: தாத்தாவின் ஐ.பி. ஆர்டர்

எங்கள் வீட்டில் "ஐ.பி." என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். என் வேலையில் ஐ.பி. என்றால் கம்ப்யூட்டரின் முகவரி. காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் போனில் யாரிடமோ "ஐ.பி. குடுத்தாச்சா இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் அப்படிப் பார்த்தார் என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

போன வருஷம் அப்பா காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் நான்காக மடித்த டைப் அடித்த தாள்கள், சப் கோர்ட் முத்திரையோடு. 1954ல் என் தாத்தா கொடுத்த நொடிப்பு மனு, அதன் மேல் வந்த உத்தரவு, 1956ல் வந்த இன்னொரு உத்தரவு. இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்தான் ஊரில் சொல்லும் ஐ.பி. "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்", "தலையில துண்டைப் போட்டுட்டான்" என்பதெல்லாம் இதைத்தான். தாத்தாவின் தாளும் மஞ்சள்தான். ஆனால் அது பழசானதால் வந்த மஞ்சள்.

இதை நான் படித்த நேரமும் சாதாரணமான நேரமில்லை. 2023 கடைசியில் வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ., ஒரு பர்சனல் லோன், அதற்கு மேல் இரண்டு கிரெடிட் கார்டு. புது வேலை கிடைத்தது, பழைய சம்பளம் கிடைக்கவில்லை. ஒரு கார்டில் மட்டும் 2 லட்சம் நின்றது, வட்டி மாதம் 3.5 சதவீதம். மினிமம் டியூ என்று 10,000 கட்டுவேன். வட்டி 7,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 1,260 போக, அசலில் குறைவது 1,740 ரூபாய். ராத்திரி பதினோரு மணிக்கு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து எந்த எண்ணை மாற்றினாலும் கடைசி வரியில் அதே விடைதான். புரோகிராமில் இப்படி வந்தால் முடிவில்லாத லூப் என்று சொல்லி நிறுத்திவிடுவோம். இதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அப்போது கையில் வந்த தாள் இது. தாத்தா எப்படி வெளியே வந்தார் என்ற கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். வழக்கம்போல அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அந்தக் குறிப்புகளை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

பாண்டியனைச் சுற்றி ஒரு வட்டம்

கடன்காரன் மாட்டிக்கொள்வது என்பதை இன்று நாம் உருவகமாகச் சொல்கிறோம். ஒரு காலத்தில் அது நிஜமாகவே தரையில் போட்ட கோடு.

13ம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், சீனாவிலிருந்து கடல் வழியாகத் திரும்பிய மார்க்கோ போலோ நம் கரையில் இறங்கினார். அவர் "மாபார்" என்று எழுதுவது பாண்டியர் ஆண்ட சோழமண்டலக் கரைப் பகுதி. அங்கே கண்ட கடன் வழக்கம் ஒன்றை அவர் குறித்திருக்கிறார். கடன் கொடுத்தவன் பலமுறை கேட்டும் வாங்கியவன் தவணை சொல்லியே இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடலாம். போட்டுவிட்டால், பணத்தைக் கொடுக்காமல் அல்லது ஈடு காட்டாமல் அவன் அந்த வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை.

இதற்கு அவர் தரும் உதாரணம்தான் ஆச்சரியம். ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு அரசனே பாக்கி வைத்திருந்தான். நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே வந்தான். ஒருநாள் அரசன் குதிரையில் வரும்போது அந்த வியாபாரி குதிரையையும் சேர்த்துச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். அரசன் அங்கேயே நின்றான், வியாபாரிக்குத் திருப்தியாகும் வரை அசையவில்லை. இதைத் தானே நேரில் பார்த்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார்.

இருநூறு வருஷம் கழித்துக் கள்ளிக்கோட்டைக்கு வந்த இத்தாலியர் வர்தேமாவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். அங்கே வட்டம் போட ஒரு பச்சைக் கிளை. ஆக, இது ஒருவர் கட்டிவிட்ட கதை என்று ஒதுக்க முடியவில்லை.

இதை வாசிக்கும்போது நம் ஆட்களுக்கு "அரசனுக்கும் ஒரே நீதி" என்று பெருமைப்படத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். அரசனிடம் பணம் இருந்தது, கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே ஆள் அனுப்பித் தீர்க்கலாம். நிஜமாகவே கையில் ஒன்றும் இல்லாதவனைச் சுற்றி வட்டம் போட்டால்? வட்டத்துக்குள் நின்றுகொண்டு உழவு ஓட்ட முடியாது, சரக்கு விற்க முடியாது. பணம் சம்பாதிக்கும் வழியை அடைத்துவிட்டுப் பணத்தைக் கேட்கிற ஏற்பாடு அது. கொடுக்க மனமில்லாதவனையும் கொடுக்க வழியில்லாதவனையும் அந்தக் கோடு பிரித்துப் பார்க்காது. அடுத்த அறுநூறு வருஷக் கடன் சட்டமே இந்த இரண்டு பேரையும் பிரிக்கப் பட்ட பாடுதான் என்பது என் வாசிப்பு.

வாசலில் உட்காருதல், ஜெயிலில் போடுதல்

வட்டத்துக்கு ஒரு தம்பி உண்டு: தர்ணா. இன்று அரசியல் சொல்லாகிவிட்டது. பழைய காலத்தில் கடன் கொடுத்தவரோ அவர் அனுப்பிய ஆளோ கடன்காரன் வீட்டு வாசலில் பட்டினியோடு உட்காருவது. அவர் செத்தால் பாவம் வீட்டுக்காரன் தலையில். 1860ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் 508வது பிரிவில் தெய்வக் குற்றம் வரும் என்று பயமுறுத்துவதைக் குற்றமாக்கியது. அதற்கு உதாரணமாகக் கொடுத்திருப்பதே வாசலில் தர்ணா உட்காருவதைத்தான்.

ஆனால் வட்டத்தை ஒழித்த அதே சர்க்கார் வேறொரு வட்டம் போட்டது: சிவில் ஜெயில். பணத்துக்கு டிகிரி வாங்கியவர் கடன்காரனை ஜெயிலில் போடலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளே இருப்பவனின் சாப்பாட்டுப் படியை, போட்டவர்தான் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அவனை விட்டுவிடுவார்கள். வெளியே வந்தாலும் கடன் தீராது, அதே டிகிரிக்கு மறுபடி பிடிக்க முடியாது என்பது மட்டும்தான் லாபம். 1908ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதெல்லாம் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. 1980ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர்தான் தெளிவாகச் சொன்னார்: வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்காதவனைத்தான் ஜெயிலில் போடலாம், ஏழ்மை குற்றமாகாது என்று.

அந்த 1908 சட்டத்திலேயே ஒரு நல்ல பிரிவும் இருக்கிறது. 60வது பிரிவு. கடனுக்காக எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்ற பட்டியல். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, விவசாயியின் ஏர் மாடு, விதை நெல், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. அதாவது தாலி. பின்னாளில் சம்பளத்துக்கும் வரம்பு வந்தது. இன்றைய கணக்கில் சாதாரணக் கடன் டிகிரிக்கு முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது.

இந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இதுவும் ஒரு வட்டம்தான். மார்க்கோ போலோ பார்த்த கோடு கடன்காரன் வெளியே போகாமல் இருக்கப் போட்டது. இந்தக் கோடு கடன் கொடுத்தவர் உள்ளே வராமல் இருக்கப் போட்டது. வீட்டுக்குள் ஒரு சின்ன வட்டம், அதற்குள் அடுப்பும் ஏரும் தாலியும்.

பெரிய வீடு விழுந்த வருஷம்

சின்ன வட்டம் போட்டால் போதாது, மொத்தக் கடனிலிருந்தும் வெளியே வர ஒரு கதவு வேண்டும். சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று நகரங்களுக்கு மட்டும் அந்தக் கதவு 1828லேயே வந்துவிட்டது. 1848ல் அதற்குப் புதுச் சட்டம். நடைமுறையில் அது நகரத்து வியாபாரிகளின் கதவு.

சென்னையில் எல்லோரும் நொடிப்பு பற்றிப் பேசிய வருஷம் 1906. அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. கடற்கரைச் சாலையில் இருந்த பெரிய வெள்ளைக்கார வங்கி. ரிடையர் ஆனவர்கள், விதவைகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள் என்று பலர் பணம் போட்டிருந்தார்கள். தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்த அதிர்ச்சியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முயன்று 1907ல் இந்தியன் வங்கி பிறந்தது.

நொடிப்பு என்ற சொல்லின் மேல் கறை படிந்ததற்கு இப்படிப்பட்ட கதைகளும் காரணம் என்று நினைக்கிறேன். நொடித்தவர் எல்லோரும் அடுத்தவர் பணத்தைத் தின்றவர் என்று ஆகிவிட்டது. உண்மையிலேயே தின்றவர்களும் இருந்தார்கள். சொத்தை மனைவி பேரிலும் மச்சான் பேரிலும் எழுதி வைத்துவிட்டு ஐ.பி. கொடுப்பது நம் ஊர்களில் தெரிந்த வித்தைதான்.

1907ல் மாகாண நொடிப்புச் சட்டம் வந்தது, நகரத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு. 1909ல் மூன்று நகரங்களுக்குப் புதுச் சட்டம். 1920ல் மாகாணச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். தாத்தா மனு கொடுத்தது அந்த 1920 சட்டத்தின் கீழ். அந்த வித்தைக்காரர்களை மனதில் வைத்தே அதை எழுதியிருக்கிறார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்தில் உரிய விலை வாங்காமல் சொத்தை மாற்றியிருந்தால் கோர்ட் ரத்து செய்யலாம். முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகப் பணம் கொடுத்திருந்தால் அதுவும் செல்லாது.

இரட்டிப்புக்கு மேல் கிடையாது

நொடிப்பு இல்லாமலே கடனுக்கு ஒரு எல்லை போட முடியுமா? பழைய இந்து தர்ம சாத்திரத்தில் "தாம்துபட்" என்று ஒரு விதி உண்டு. நிலுவை வட்டி எந்தச் சமயத்திலும் அசலைத் தாண்டக்கூடாது. 100 ரூபாய் கடனுக்கு ஒரே சமயத்தில் அசலும் வட்டியுமாக அதிகபட்சம் 200 கேட்கலாம். பம்பாய் மாகாணக் கோர்ட்டுகள் இதை ஏற்றன. சென்னை மாகாணத்தில் பொதுவாக ஏற்கவில்லை.

1930களில் உலக மந்தத்தில் நெல் விலை பாதியளவுக்குச் சரிந்தது. கடன் அப்படியே நின்றது. 1935ல் சத்தியநாதன் தந்த அறிக்கை மாகாணத்து விவசாயக் கடனைச் சுமார் 200 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 1937ல் ஆட்சிக்கு வந்த ராஜாஜி 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஒரு கையெழுத்தில் லட்சக்கணக்கான பத்திரங்களின் கணக்கு மாறியது.

ஆனால் விவசாயிக்கு மட்டும். தாத்தா மளிகைக் கடைக்காரர்.

தாத்தாவின் தாள்

உத்தரவில் உள்ள கதை சுருக்கமானது. 19 கடன்காரர்கள், மொத்தம் 6,840 ரூபாய். இரண்டு வருஷம் மழை இல்லை. ஊரில் கடன் சொல்லிச் சரக்கு வாங்கியவர்களிடமிருந்து பணம் திரும்பவில்லை. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க இவர் வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டிக்கு இன்னொரு இடத்தில் வாங்கினார். என் எக்ஸெல் ஷீட்டை எழுபது வருஷம் முன்னால் யாரோ பேனாவில் எழுதியது போல இருந்தது.

கடை, சரக்கு, வீட்டில் பாதிப் பங்கு எல்லாம் ரிசீவர் கைக்குப் போயின. ஏலத்தில் வந்தது ரூபாய்க்கு ஆறணா கூட இல்லை. இங்கேதான் சட்டத்தில் ஒரு முக்கியமான இடம். சொத்து ரூபாய்க்கு எட்டணாவுக்குக் குறைந்தால், கோர்ட் முழு விடுதலை தரக்கூடாது. ஒரு விதிவிலக்கு: அப்படி ஆனதற்குத் தான் பொறுப்பில்லை என்று மனுதாரர் கோர்ட்டைத் திருப்திப்படுத்த வேண்டும். வழக்கமான கணக்குப் புத்தகங்களை வைக்காமல் இருந்திருந்தாலும் முழு விடுதலை கிடையாது.

தாத்தா பேரேடும் நாள்வழியும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். 1956 உத்தரவில் நீதிபதி அதைக் குறிப்பிடுகிறார். கணக்கு ஒழுங்காக இருக்கிறது, சொத்தை மறைக்கவில்லை, நஷ்டத்துக்கு மனுதாரரைப் பொறுப்பாக்க முடியாது என்று எழுதி விடுதலை கொடுக்கிறார்.

இதைத்தான் நான் ரெண்டு மூணு தடவை படித்தேன். எங்கள் குடும்பம் எழுபது வருஷம் ஒளித்து வைத்த தாள், தாத்தா தப்பு செய்யவில்லை என்று கோர்ட் எழுதிக் கொடுத்த தாள். ஒளித்து வைத்திருக்க வேண்டியதே இல்லை. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கலாம்.

அத்தையிடம் கேட்டேன். "ஆமாப்பா, அப்பா அதுக்கப்புறம் இன்னொருத்தர் கடையில கணக்கு எழுதப் போனாங்க. கல்யாணம் காட்சின்னு எங்கேயும் முன்னால உக்கார மாட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பாட்டிக்கு மட்டும் மாசாமாசம் பத்து ரூபா குடுத்து முன்னூறையும் தீர்த்தாங்க. அந்தப் பாட்டிக்கு வேற ஆதரவு இல்ல" என்றார். 19 பேர் பட்டியலில் 300 ரூபாய்க்கு ஒரு பெண் பெயர் இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்திருக்கிறார். கடன் கொடுத்தவர் எல்லோரும் முதலை இல்லை என்பதையும் இந்தக் கதையில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கதவு திறந்தால் மறுபக்கம் யாரோ ஒருவர் பத்தணா இழக்கிறார்.

இன்றைய கோடுகள்

2016ல் புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது. தனிமனிதர்களுக்கான மூன்றாம் பாகம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. என்னைப் போன்ற சம்பளக்காரருக்கு, இதை எழுதும் வரை, அதே 1909, 1920 சட்டங்கள்தான். 1920 சட்டத்தில் மனு கொடுக்கக் குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய். அன்றைக்குப் பல மாத வருமானம், இன்றைக்கு ஒரு ஹோட்டல் பில்.

வட்டி எல்லையும் வங்கிகளுக்குப் பொருந்தாது. 1984ல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்த்த 21ஏ பிரிவு, வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கணக்கைக் கோர்ட் திறந்து பார்க்கக்கூடாது என்கிறது. கிரெடிட் கார்டுக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2003ம் வருஷத்துச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. அதுவும் வெளியே வட்டிக்கு விடுபவர்களுக்குத்தான். என் கார்டுக்கு தாம்துபட் இருந்திருந்தால், கட்டாமலே விட்டாலும் 29வது மாதம் மீட்டர் நின்றிருக்கும்.

இருக்கிற கோடுகள் சில: வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன்காரரைக் கூப்பிடக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தவும் கூடாது. இது தெரியாமல் மூன்று மாதம் ராத்திரி ஒன்பது மணி போனுக்கு நடுங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகு நேரத்தைக் குறித்து வைத்து மெயில் போட்டேன். போன் நின்றது.

நான் ஐ.பி. கொடுக்கவில்லை, அந்த அளவுக்குப் போகவில்லை. செய்தது தாத்தா செய்ததைத்தான். கணக்கை ஒழுங்காக எழுதினேன். யாருக்கு எவ்வளவு, எந்த வட்டி என்று எல்லாம் ஒரே தாளில். அதை முதல் முறையாக மனைவியிடம் காட்டினேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள்தான் "கார்டை முதல்ல முடி, வீட்டுக் கடன் காலத்தை நீட்டிக் கேளு" என்றாள். இரண்டு கார்டு பாக்கியையும் குறைந்த வட்டிக் கடனாக மாற்றியாயிற்று. இன்னும் 26 மாதம் இருக்கிறது. ஷீட்டில் கடைசி வரி இப்போது பூஜ்யத்தில் முடிகிறது.

என்னைவிட ஆழத்தில் இருப்பவர்கள் வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, பழைய தாள் படிக்கிறவன். அந்தத் தாள்களில் நான் பார்த்தது இது ஒன்றுதான்: கடனில் விழுகிறவன் தொடர்ந்து வாழ வேண்டும் என்று ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஒரு வரி எழுதியிருக்கிறார். அடுப்பைத் தொடாதே, விதை நெல்லைத் தொடாதே, தாலியைத் தொடாதே, தப்பு செய்யாதவனை விட்டுவிடு. நம் சட்டத்துக்கு இருக்கிற அந்த இரக்கம் நம் பேச்சில் இல்லை.

போன வாரம் சாப்பிடும்போது மகள் கேட்டாள், "அந்தத் துணிப்பையில என்னப்பா இருக்கு?" என்று.

"உன் கொள்ளுத்தாத்தா ஐ.பி. குடுத்தார். அதோட ஆர்டர்" என்றேன். அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மகளுக்கு ரசம் ஊற்றினார்.